மூன்று தொட்டிகளும் ஏன் ஒன்றாகின?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை கேட்டிருப்பதன் சாரம் இது: "எங்கள் பள்ளியில் 240 பிள்ளைகள் படிக்கிறார்கள். நன்கொடையாக வந்த பணத்தில் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று தொட்டிகள் வாங்கி வைத்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மூன்று நாள் விளக்கமும் சொன்னோம். இரண்டே மாதத்தில் மூன்றிலும் ஒரே குப்பைதான் கிடந்தது. உரக்குழி வெட்டினோம், நாற்றம் தாங்காமல் மூடிவிட்டோம். சருகைக் கொளுத்தக் கூடாது என்கிறார்கள், வேறு என்னதான் செய்வது? பிளாஸ்டிக்கை யாரிடம் கொடுப்பது? உரம் விற்றால் பள்ளிக்கு வருமானம் வருமா?"

அம்மா, வணக்கம். வட ஆர்க்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்து, 1989-இல் அது இரண்டானதையும், 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மறுபடி பிரிந்ததையும் பார்த்தவன் நான். பள்ளி மாணவர்களின் சுற்றுச்சூழல் அமைப்பான தேசிய பசுமைப் படையின் பொறுப்பாசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தேன். நீங்கள் சொல்லும் மூன்று தொட்டிகளை நானும் வாங்கி வைத்து, நானும் தோற்றிருக்கிறேன். ஆகையால் உபதேசமாக இல்லாமல், பட்டுத் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. அந்த மூன்று தொட்டிகளும் மாலையில் எங்கே போயின? என் பள்ளியில் மூன்றும் சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரே குவியலாகக் கவிழ்க்கப்பட்டு, சனிக்கிழமை கொளுத்தப்பட்டன. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சார், கடைசியில ஒண்ணாத்தானே கொட்றாங்க, அப்புறம் ஏன் சார் நாங்க பிரிச்சுப் போடணும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகள் சோம்பலால் கலந்து போடுவதில்லை. தாங்கள் செய்யும் வேலை வீண் என்று தெரிந்துகொண்டபின் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளும் பள்ளியை விட்டு எங்கே போகப்போகிறது, யார் கையில், எந்தக் கிழமையில் என்பதை முடிவு செய்யாமல் தொட்டி வைத்தால், அது நிறம் பூசிய குப்பைத்தொட்டி மட்டுமே. போகும் இடம் முடிவாகிவிட்டால், தொட்டிக்குப் பதில் கோணிப்பை போதும்.

போகும் இடத்தை முடிவு செய்வதற்கு, எது எவ்வளவு சேர்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். மளிகைக் கடையிலோ காயலான் கடையிலோ தொங்குதராசு ஒன்றை இரவல் வாங்கி, மதிய உணவு முடிந்ததும் ஒருமுறை, மாலை மணி அடிப்பதற்கு முன் ஒருமுறை, வகை வகையாக நிறுத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சோறு, முட்டை ஓடு, சருகு, தாள், பிளாஸ்டிக், மற்றவை என்று ஆறு பத்தி போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுவே கணக்குப் பாடமாகவும் ஆகும். எங்கள் பள்ளியில் அப்படிக் கூட்டிப் பார்த்தபோது எடையில் பெரும்பகுதி சோறும் சருகும்தான், அதற்கடுத்துத் தாள். பிளாஸ்டிக் மொத்த எடையில் மிகச் சொற்பம். ஆனால் அதுவரை நாங்கள் நடத்திய பேரணி, எழுதிய முழக்கம், வரைந்த படம் எல்லாம் பிளாஸ்டிக்கைப் பற்றியே இருந்தன. காற்றில் பறந்து கண்ணில் படுவது அதுதான் என்பதால் குப்பை என்றாலே அது என்று நினைத்துவிடுகிறோம். நாறுவதும், நாயையும் ஈயையும் கூட்டுவதும், மற்றக் குப்பையை எல்லாம் பிரிக்க முடியாதபடி நனைத்துக் கெடுப்பதும் சோறு. ஈரத்தைத் தனியே எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சோற்றுக்கு வருவோம். சத்துணவில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசியும், அதற்கு மேல் 150 கிராமும் கணக்கு. நூறு கிராம் அரிசி வெந்தால் கால் கிலோவுக்கு மேல் சோறாகும். காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கியபின், காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட ஒன்றாம் வகுப்புக் குழந்தை, மதியம் 12.40-க்கு அவ்வளவு சோற்றையும் ஒரே மூச்சில் உண்ணும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் வரிசை நீளமாக இருப்பதால் ஆயா ஒரே கரண்டியில் முழு அளவையும் வைத்துவிடுகிறார். நாங்கள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: சிறு வகுப்புகளுக்கு முதலில் முக்கால் கரண்டி, பிறகு தட்டோடு வந்தவர்களுக்கு இரண்டாவது முறை எவ்வளவு கேட்டாலும். இரண்டாவது முறை கேட்பதற்குக் குழந்தை கூச்சப்படக் கூடாது என்பதற்காக, ஆசிரியர் ஒருவர் வாளியோடு வரிசைக்குள் நடந்து, "யாருக்கு வேணும்?" என்று கேட்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வீணாவதைக் குறைக்கிறோம் என்ற பெயரில் எந்தக் குழந்தையின் வயிற்றையும் குறைத்துவிடக் கூடாது. வீட்டில் இரவு என்ன கிடைக்கும் என்று தெரியாத பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அளவு குறையவே கூடாது, பரிமாறும் முறை மட்டுமே மாற வேண்டும்.

தட்டில் மிஞ்சுவதை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கலவைச் சாதம் போட்ட நாளில் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வரிசையாக ஒதுக்கப்பட்டிருக்கும். கீரை, காய் என்று சமைத்தவரின் உழைப்பு அந்த விளிம்பில் கிடக்கும். கறிவேப்பிலையை அரைத்தோ பொடியாக நறுக்கியோ போடச் சொன்னோம். அது சத்துக்கும் நல்லது, வாளிக்கும் நல்லது. சமையலர் முதலில் முகம் சுளித்தார். ஒரு நாள் மிஞ்சிய வாளியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தபின் அவரே வழி சொன்னார்.

முட்டை ஓடு ஒரு தனிக் கதை. பள்ளி நாளெல்லாம் முட்டை உண்டு. ஓர் ஓடு ஏறக்குறைய ஐந்து கிராம். உங்கள் பள்ளியில் 200 பேர் சாப்பிட்டால் நாளுக்கு ஒரு கிலோ, 200 வேலை நாளுக்கு 200 கிலோ. முட்டையைச் சமையலறையிலேயே உரித்து மசாலா சேர்த்துக் கொடுக்கும் நாட்களில் ஓடு ஒரே இடத்தில் சேரும், தொல்லை இல்லை. பிள்ளைகளே உரிக்கும் பள்ளிகளில்தான் அது தண்ணீர்க் குழாயடியில் அடைத்துக்கொள்ளும். ஓட்டைத் தனித்தட்டில் சேர்த்து, வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, கோணிக்குள் போட்டு மிதித்தால் தூளாகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு நாளே அதிகம். அந்தத் தூள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அதை உரக்குவியலில் கொஞ்சம் தூவலாம், முருங்கைக்கும் தக்காளிக்கும் அடியில் போடலாம். ஆனால் அது மண்ணில் கரைய நாளாகும். மறுநாளே செடி தழைக்கும் என்று சொல்லும் காணொளிகளை நம்பிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மிஞ்சிய சோற்றை மாட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாமே என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அன்றன்றைக்குக் கெடாமல், தாளும் பிளாஸ்டிக்கும் கலக்காமல், கொஞ்சமாகக் கொடுத்தால் நல்ல வழிதான். ஆனால் ஒரே மாட்டுக்கு ஒரு வாளிச் சோற்றை மொத்தமாக வைத்தால், வயிற்றில் புளித்து அமிலம் மிகுந்து, வயிறு உப்பிச் சாகவும் கூடும். பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் எச்சரிப்பது இதைத்தான். ஆட்டுக்கு இன்னும் ஆபத்து. ஆகவே இரண்டு மூன்று வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள், வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வைக்கும்படி சொல்லியனுப்புங்கள்.

இனி உரக்குழி. உங்கள் குழி ஏன் நாறியது என்பதை நேரில் பார்க்காமலே சொல்லிவிடலாம், ஏனெனில் என் குழியும் அதே காரணத்தால்தான் நாறியது. சோறும் குழம்பும் ஈரம் மிகுந்தவை. குழியில் அவற்றை மட்டும் கொட்டினால் காற்றுப் புகாமல் அழுகும், மட்காது. நாற்றம் என்பது காற்றில்லை என்று குவியல் சொல்லும் புகார். ஒரு பங்கு சோற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த சருகு, அதாவது ஒரு வாளி சோறு கொட்டினால் இரண்டு, மூன்று வாளி சருகு, என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். குழி வேண்டவே வேண்டாம். ஆவணியிலும் மழை உண்டு, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை உண்டு என்ற நம் மாவட்டத்தில் குழி என்றால் குட்டைதான். என் பள்ளியில் ஆசையாக மண்புழு வாங்கி விட்ட தொட்டி, ஐப்பசி மழையில் ஒரே இரவில் நிரம்பி, மறுநாள் காலையில் புழுக்கள் எல்லாம் விளிம்பேறித் தரையில் செத்துக் கிடந்தன. அதைப் பார்த்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அழுதார்கள். வாங்கிக் கொடுத்த அலுவலர் படமெடுத்துக்கொண்டு போய் வெகுநாளாகியிருந்தது.

ஆகையால் தரைக்கு மேலே கட்டுங்கள். பழைய செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று இடைவெளி வைத்துச் சாந்து பூசாமல் அடுக்கி, மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் இரண்டு கூடுகள். அதைவிடச் சிறியதானால் உள்ளே சூடு பிடிக்காது. வேப்பமரத்து நிழலில் இருக்கட்டும், மேலே ஒரு தகரம் போதும். அடியில் தென்னை மட்டையோ முள்ளில்லாத குச்சியோ பரப்பி, அதன்மேல் சருகு, சோறு, மறுபடி சருகு. எப்போதும் மேலே தெரிவது சருகாகவே இருக்க வேண்டும், சோறு கண்ணில் படக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் ஈயும் நாயும் வராது. தொடங்கும்போது ஒரு வாளி சாணிக் கரைசல் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்ட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க, உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள்: ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் சருகு போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மூன்றாம் நாள் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டால் சுடும். பிள்ளைகளை அந்தக் கம்பியைத் தொட்டுப்பார்க்க விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் என்று புத்தகத்தில் படித்தது அங்கேதான் அவர்களுக்கு நம்பிக்கையாக மாறும். ஒரு கூடு நிரம்பியதும் மூடி இரண்டு மூன்று மாதம் விட்டுவிட்டு, அடுத்த கூட்டைத் தொடங்குங்கள். மண்புழு எல்லாம் பிறகு. உப்பும் எண்ணெயும் உள்ள சாப்பாட்டுக் கழிவை நேராகப் புழுவுக்குப் போடவும் கூடாது.

சருகைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் மொத்தமாக உதிர்க்கும், சோறு மட்டும் ஆண்டு முழுவதும் மிஞ்சும். உதிரும் காலத்தில் சருகை எரித்துவிட்டு, ஆடியில் உரக்கூட்டுக்குச் சருகு இல்லை என்று தேடுகிறோம். எனவே உதிரும்போதே கோணிகளில் திணித்துக் கட்டி, மழை படாத வராந்தா மூலையில் அடுக்கி வையுங்கள். அதுதான் அடுத்த ஆண்டுக்கான மூலப்பொருள். கொளுத்துவது சட்டப்படியும் குற்றம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அபராதத்தை விட எனக்கு உறுத்துவது, அந்தப் புகை முதலில் நுழைவது ஒன்றாம் வகுப்பு ஜன்னலில் என்பதுதான்.

தாளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதற்குப் போகும் இடம் ஏற்கெனவே இருக்கிறது. நனையாத தாளைக் காயலான் கடைக்காரர் தாமே வந்து எடுத்துப்போவார். அதற்கு முன் ஒருபக்கம் அச்சான தாள்களைத் தைத்து ரஃப் நோட்டாக்குங்கள். இரண்டு காரியங்களில் மட்டும் கவனம் வேண்டும். விற்ற பணம் எவ்வளவு சிறிதானாலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடும் ரசீதோடும் கணக்கில் ஏற வேண்டும். விடைத்தாள், பதிவேடு, மிஞ்சிய பாடநூல் ஆகியவற்றை மேலிடத்து அனுமதி எழுத்தில் வராமல் தொடவே கூடாது. நல்லது செய்யப்போய்த் தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பிளாஸ்டிக்கில் மறுசுழற்சி என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. தண்ணீர் பாட்டில், எண்ணெய்க் கேன், பால் பாக்கெட், உடைந்த வாளி, நாற்காலி ஆகியவற்றுக்குக் கடையில் விலை உண்டு, அவை போய்விடும். ஐந்து ரூபாய் சிப்ஸ் உறைக்கும் பிஸ்கட் உறைக்கும் எந்தக் கடையிலும் விலை இல்லை. அவை பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிய பல அடுக்குத் தாள்கள், அடுக்கைப் பிரிப்பதற்கு ஆகும் செலவு பொருளின் மதிப்பை விட அதிகம். அவற்றைச் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்புவது நடக்கிறது. பிளாஸ்டிக் கழிவைத் தார்ச்சாலையில் கலக்கும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் உருவாக்கினார். அதற்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆனால் இரண்டுமே உள்ளாட்சி அமைப்பின் வழியாக டன் கணக்கில் போனால்தான் ஆகும். பள்ளியால் செய்யக்கூடியது, உறையைத் துடைத்துக் காயவைத்து ஒரு கோணியில் சேர்த்து, மாதம் ஒருமுறை ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் கொடுப்பது மட்டுமே.

அதனால்தான் உள்ளே வராமல் தடுப்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்கிறேன். தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் டம்ளரும் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் உறிஞ்சுகுழலும் மட்டுமல்ல, பிளாஸ்டிக் கொடியும் உண்டு. ஆகஸ்டு 15 அன்று சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் கொடி மறுநாள் சாக்கடையில் கிடக்கும் காட்சி இன்னும் நிற்கவில்லை. பிறந்தநாளுக்கு வகுப்பெல்லாம் மிட்டாய் கொடுப்பதற்குப் பதில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் என்றோம். ஏழைப் பெற்றோருக்கு அதுவும் சுமை என்று ஓர் அம்மா சொன்னபின், உறையில்லாத பழம் ஏதாவது என்று மாற்றினோம். கொய்யாக் காலத்தில் கொய்யா, மற்றக் காலத்தில் வாழைப்பழம். வாசல் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அவரும் பிழைக்க வந்தவர். சுண்டல், வேர்க்கடலை, மாங்காய்க் கீற்று போன்றவற்றை இலையிலோ தாளிலோ கொடுத்தால் பள்ளியே பரிந்துரைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கத்துக்கு எங்கள் பள்ளி ஊர்வலம் போகவில்லை. சிறுத்துப்போன சீருடைத் துணியை வாங்கித் தையல் தெரிந்த இரண்டு தாய்மார்கள் பை தைத்துக் கொடுத்தார்கள். நிறம் மஞ்சள் இல்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். கழிவிலிருந்து கலைப்பொருள் என்ற போட்டிக்காகப் பிள்ளைகள் கடைக்குப் போய்ப் புது உறிஞ்சுகுழல் கட்டும், புதுக் காகிதக் கோப்பையும், மினுமினுப்புத் தாளும் வாங்கி வருவதை நானே பார்த்திருக்கிறேன். அறிவியல் கண்காட்சியில் மாசுக்கட்டுப்பாட்டு மாதிரி செய்யப் புதுத் தெர்மாகோல் அட்டை, அதை வரவேற்க வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர். பாட்டிலை வெட்டிப் பூச்சாடி செய்தால் பாட்டில் மறைந்துவிடுவதில்லை, மூன்று மாதம் தள்ளிக் குப்பைக்குப் போகிறது. அதற்குமேல் சாயமும் பசையும் ஒட்டியிருப்பதால் காயலான் கடையும் அதை எடுக்காது. போட்டி வைத்தே ஆக வேண்டுமானால், எந்த வகுப்பு அந்த மாதம் மிகக் குறைந்த எடை குப்பை கொடுத்தது என்று வையுங்கள். தராசு இருக்கிறது, நோட்டு இருக்கிறது.

நீங்கள் கேட்காத இரண்டு வகைகளையும் எழுத வேண்டும், ஏனெனில் அவைதான் உண்மையில் தீங்கானவை. ஒன்று, மாணவியரின் நாப்கின். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வந்துவிடுகிறது. பயன்படுத்தியபின் போடுவதற்கு இடம் இல்லையென்றால் அது கழிவறைக் குழாயை அடைக்கும், அல்லது பெண்பிள்ளை அந்த மூன்று நாள் பள்ளிக்கே வராமல் இருந்துவிடுவாள். தாளில் சுற்றி, மூடியுள்ள தனித்தொட்டியில், கழிவறைக்கு உள்ளேயே போட வசதி வேண்டும். வெளியே எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்த தொட்டியை எந்தப் பெண்ணும் பயன்படுத்த மாட்டாள். பல பள்ளிகளில் உள்ள எரியூட்டிகள் சூடு போதாமல் பாதி எரித்துக் கரும்புகை விடுகின்றன. நாப்கினில் பிளாஸ்டிக் இருப்பதால் குறைந்த சூட்டில் எரிப்பது நல்லதல்ல. எரியூட்டி சரியாக வேலை செய்யவில்லை என்றால் அதை மூடிவைத்து, சுற்றிய பொட்டலங்களைத் தனிப்பையில் உள்ளாட்சி வண்டியிடம் அடையாளம் சொல்லிக் கொடுங்கள். சிவப்புத் தொட்டி உண்மையில் இதற்குத்தான் தேவை.

மற்றொன்று, மின்னணுக் கழிவு. பழைய கணினி, யுபிஎஸ் பேட்டரி, ஸ்மார்ட் வகுப்பறையில் பழுதான கருவி, குழல்விளக்கு எல்லாம் ஓர் அறையில் அடைந்து கிடக்கும். இருப்புப் பதிவேட்டில் உள்ளவற்றை முறைப்படி கழிவு செய்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். காயலான் கடையில் அவற்றைக் கம்பிக்காக எரிப்பார்கள், பேட்டரியின் ஈயமும் அமிலமும் தரையில் ஊறும். புதைத்துவிட்டால் போயிற்று என்று நம் மாவட்டத்துக்காரர் யாரும் சொல்லக் கூடாது. இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு, ஆலை மூடியபின்னும் பல்லாண்டுகள் அங்கேயே குவிந்துகிடந்து நிலத்தடி நீரில் குரோமியத்தைக் கசியவிட்டது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு வருமுன் காக்கும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொல்லப்பட்டது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் அந்த வழக்கில் நம் ஊரின் பெயர் இருப்பதை எட்டாம் வகுப்பில் சொல்லுங்கள். சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

இந்த வேலைகளை யார் செய்வது என்பதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதுவேன். தன் தட்டைத் தானே வழித்து வாளியில் போடுவதும், தன் தாளைக் கோணியில் போடுவதும், சருகு அள்ளுவதும், உரம் புரட்டுவதும் எல்லாப் பிள்ளைகளும் செய்யலாம். கலந்து கிடக்கும் குப்பையைப் பிரிக்கவோ கழிவறையைக் கழுவவோ நாப்கின் தொட்டியைத் தூக்கவோ எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது. முறை போடும்போது வருகைப் பதிவேட்டு எண் வரிசைப்படி போடுங்கள். ஆசிரியர் கண்ணால் பார்த்து "நீ வா, நீ வா" என்று கூப்பிட்டால், நாம் அறியாமலே துடைப்பம் எப்போதும் ஒரே தெருவுப் பிள்ளைகள் கைக்கும், பெண்பிள்ளைகள் கைக்கும் போய்ச் சேரும். நான் சொல்வது உங்களுக்குப் புரியும். ஆசிரியர் பெயரும் அந்த வரிசையில் இருக்கட்டும். நான் புரட்டிய அன்று மட்டும் உரக்கூட்டைச் சுற்றி நின்று பார்க்க வந்த கூட்டம் இன்னும் நினைவிருக்கிறது.

உள்ளாட்சியோடு பேசாமல் இவை எதுவும் நிற்காது. ஊராட்சி செயலரிடம் ஒருமுறை போய், தூய்மைக் காவலர் எந்தக் கிழமை பள்ளிக்கு வருவார், பிரித்த பையைப் பிரித்தபடியே எடுத்துப்போவாரா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மாநகராட்சி எல்லைக்குள் உள்ள பள்ளிகளானால் சுகாதார ஆய்வாளரிடம் கேட்க வேண்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை நமக்கும், பிரித்ததைப் பிரித்தபடி எடுத்துச்செல்லும் பொறுப்பை அவர்களுக்கும் வைத்திருக்கின்றன. பள்ளித் தூய்மைக்காக 2022-இல் வந்த 'எங்கள் பள்ளி மிளிரும் பள்ளி' திட்டத்தையும் எடுத்துச் சொல்லலாம். திடக்கழிவு மேலாண்மை வல்லுநர் சி. சீனிவாசன் வேலூரில் தொடங்கிய முறையில், சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரம் குப்பையைப் பிரித்து நாடறியப் பெயர் வாங்கியது. அந்த முறையின் உயிர், குப்பை அழுகுவதற்கு முன்பே அன்றன்றைக்குக் கையில் எடுத்துப் பிரித்துவிடுவதுதான். நம் ஊரில் பிறந்த யோசனையை நம் பள்ளி செய்து பார்க்க ஒன்றும் கூச்சம் வேண்டாம்.

உரம் விற்று வருமானம் வருமா என்றால், வராது. பத்து வாளி போட்டால் இரண்டு, மூன்று வாளிதான் மிஞ்சும். ஈரம் ஆவியாகி, குவியல் அமிழ்ந்துபோகும். 240 பிள்ளைகள் உள்ள பள்ளியில் அது முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, நான்கு பாத்தி கீரை ஆகியவற்றுக்குச் சரியாக இருக்கும், மூட்டை கட்டி விற்க இருக்காது. கோடை விடுமுறைக்கு முன் கூட்டை நிரப்பி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மேலே கோணி போட்டு மூடிவிட்டுப் போனால் ஜூனில் பள்ளி திறக்கும்போது உரம் ஏறக்குறையத் தயாராக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வாரம் ஒருமுறை ஒரு குடம் ஊற்றினால் போதும்.

வாங்கிவிட்ட மூன்று தொட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். பச்சையைச் சமையலறை வாசலில் சாப்பாட்டுக்கு வையுங்கள், தினமும் மதியம் இரண்டு மணிக்குள் காலியாகிவிட வேண்டும். நீலத்தை அலுவலக அறைக்குத் தாளுக்கென எடுத்துக்கொள்ளுங்கள், வகுப்பறைக்குக் கோணிப்பை போதும். சிவப்புக்கு மூடி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மூடி ஒன்று வாங்கி, மாணவியர் கழிவறைக்குள் வைத்துவிடுங்கள்.